குடிகாரப் படி

மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். உங்கள் தங்கை நலம். வழக்கம்போல என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நம் பத்து மாடிக் கட்டடத்துக்கு நாற்பது வயதாகிறது. இரண்டு மாடிக்கு மேல் பார்த்திராத ஊர், லிஃப்டில் ஏறுவதற்காகவே வரிசையில் நின்றது நினைவிருக்கிறதா? அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். வரைபடம் போட்டவன் என்பதால் என்னிடம் பிழை பார்க்கக் கொடுத்தார்கள். இரும்புச் சட்டத்தை முதலில் நிறுத்திப் பிறகு சுவர் எழுப்பியது, நாலு மணிக்கு அதன் நிழல் ஆற்றுப் பாலத்தைத் தொடுவது, எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். பிறகு இப்படி: 'ஏழாவது மாடிக்குப் போகும் கடைசிப் படி மட்டும் மூன்று அங்குலம் அதிக உயரம். மேஸ்திரி குடித்துவிட்டுக் கட்டியது. ஊரில் இதைக் குடிகாரப் படி என்பார்கள்.'

பேனா நகரவில்லை, மச்சான். மேல்மாடிகளின் பாரத்துக்காக உத்தரத்தை நான் தடிமனாக்கியதில் அந்த மாடி மூன்று அங்குலம் உயர்ந்தது. படிக்கட்டுத் தாளைத் திருத்த மறந்துவிட்டேன். அந்த மேஸ்திரியான நீங்கள் வந்து, "மாப்ளே, மூணு அங்குலம் இடிக்குதே. எல்லாப் படிக்கும் பிரிச்சுப் போட்டுடட்டுமா? ஒருத்தருக்கும் தெரியாது" என்று கேட்டீர்கள். ஆட்கள் முன்னால் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "வரைபடத்துல உள்ளபடி கட்டுங்க" என்றேன்.

திறப்பு விழாவில் கட்டட முதலாளி அந்தப் படியில் தடுக்கி விழுந்து, "எவன் கட்டினது?" என்று கத்தியபோது பக்கத்தில்தான் நின்றேன். யாரோ, "குடிச்சிருப்பான்" என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை. உங்களுக்கு இந்த ஊரில் வேலை இல்லாமல் போனது. அந்த வெட்கத்தில் உங்கள் தங்கை உங்கள் மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

புத்தகத்தில் உண்மையை எழுதிவிடட்டுமா?

தலைகுனிந்து,
மாப்பிள்ளை

மார்ச் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்கால் நான்கு படிக்கு மேல் ஏறாது. நல்லவேளை, என் வீடு தரைத்தளம்.

நான் டீயே இரண்டாவது டம்ளர் குடிக்காதவன். அன்றைக்கே முதலாளியிடம் உங்கள் தாளை விரித்துக் காட்டியிருக்கலாம். சட்டைப் பையில்தான் இருந்தது. அப்போது தங்கைக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மடித்து உள்ளேயே வைத்துக்கொண்டேன். நீங்களே ஒருநாள் அவளிடம் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நாற்பது வருஷம் நினைத்தேன்.

எனக்குப் புத்தகம் எதற்கு? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
மச்சான்

மார்ச் 20

மச்சான்,

சொல்லிவிட்டேன். புத்தகத்திலும் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தக் கட்டடத்துக்குப் போய், லிஃப்டில் ஏறாமல் ஏழு மாடியும் நடந்தே ஏறி, அந்தப் படியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே போய் நின்றேன்.

"எங்கண்ணன் குடிச்சு நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. நீங்க மறுக்காம இருந்ததாலதான் நம்பினேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை ரயிலில் உங்களிடம் வருகிறாள். ஸ்டேஷனுக்கு வாருங்கள்; பெட்டி பெரியது, தூக்க ஆள் வேண்டும். டிக்கெட் ஒன்று போதும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

எப்போது திரும்புவாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

மாப்பிள்ளை