தானாகப் பொறி விடும் பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

அண்ணனுக்கு மாற்றல் வந்துவிட்டது. மாதக் கடைசியில் வேறு ஊர் பஸ் டிப்போவில் சேர வேண்டுமாம். ஒரு முழு ராத்திரி பயணம். அண்ணி போனில் சொன்னார். இவரிடம் சொன்னேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றிக்கொண்டே "அப்படியா" என்றார். அந்த "அப்படியா"வில் ஒரு பொத்தான் வைத்துத் தைக்கக்கூட இடம் இல்லை, அவ்வளவு சின்னத் துணி.

முன்னறையில் பாதி என் தையல் மிஷின், பாதி இவர் மேஜை. மேஜைக்கு மேலே கயிற்றில் தொங்குகிறது அந்த விமானம். ஆள் ஏறாதது, ரிமோட்டில் பறப்பது. இறக்கை எங்கள் கட்டிலைவிட நீளம். இவரும் அண்ணனும் சேர்ந்து கட்டியது. மழைக்காலத்தில் முதல்முதலாகப் பறக்கவிட்டார்கள். அது சொன்ன பேச்சு கேட்காமல் நேரே ஏரிக்குள் போய் உட்கார்ந்தது.

"உங்க இன்ஜின் உதறுன உதறல்ல ஒயரு கழண்டிருக்கும்" என்றார் இவர்.

"இன்ஜின் உதறல. உங்க பெட்டிதான் கோளாறு" என்றார் அண்ணன்.

அதோடு பேச்சு நின்றது. அண்ணன் இன்ஜினைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பெட்டியை இவர் வைத்துக்கொண்டார். இன்ஜின் இல்லாமல் பெட்டியால் ஒன்றும் ஆகாது. பெட்டி இல்லாமல் இன்ஜினாலும் ஆகாது. இந்த இரண்டு பேர் மாதிரியே.

இப்படியே ஊர் மாறிப் போய்விட்டால் இந்த முறைப்பு கல்லாகிவிடும். எனக்குத் தெரியும், இரண்டு பேரையும் எனக்குத் தெரியும்.

மார்ச் 6, வெள்ளி

இன்றைக்கு ஒரு வேடிக்கை. இவர் பெட்டியைப் பேட்டரியோடு மாட்டி, பிளக்கை ஒரு இடுக்கியில் நிறுத்திவிட்டு ஸ்க்ரூடிரைவர் தேடிக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். டக்! நீலமாய் ஒரு பொறி. இவர் பின்னால் துள்ளிய துள்ளலில் நாற்காலி சாய்ந்தது.

"யாரு தொட்டா?"

"நான் டீதான் வச்சேன். அதுக்கும் ஒரு டம்ளர் கேக்குதோ என்னவோ."

"விளையாடாத. காந்தம் இல்லாம எப்படிப் பொறி வரும்?"

அதுதான் கணக்கு. இன்ஜினின் மூக்கில், விசிறியோடு சேர்ந்து சுற்றும் வட்டத்தில் ஒரு பொட்டுக் காந்தம் புதைத்திருக்கும். பக்கத்தில், பெட்டியிலிருந்து ஒயரில் நீளும் மிளகு அளவு ஒரு கண், அதற்கு சென்சார் என்று பேர். காந்தம் கண்ணைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் பெட்டி ஒரு பொறி விடும். மேஜையில் இன்ஜினும் இல்லை, காந்தமும் இல்லை. பொறி மட்டும் வந்தது.

இவர் இரண்டு மணி நேரம் பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தார். பெட்டி முறைக்கவில்லை.

மார்ச் 7, சனி

ஐயோ.

ஒரு சட்டைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். வாயிலிருந்த குண்டூசியை எடுத்து வழக்கம்போல மணிக்கட்டில் ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் கையைப் பார்த்தேன். குண்டூசி ஒட்டிக்கொள்ள நான் கட்டியிருக்கும் பட்டை! அதற்குள் இருப்பது காந்தம்! வருஷக்கணக்காக வளையல் மாதிரி கிடப்பதால் எனக்கே நினைவில்லை, இவருக்கு எங்கே இருக்கப்போகிறது?

சிரிப்பை அடக்கத் துணியை வாயில் திணித்துக்கொண்டேன். வாடிக்கையாளருடைய துணி. நல்ல வேளை, துவைத்த துணி.

உடனே சொல்லத்தான் எழுந்தேன். எழுந்தவள் உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் இவர் ஒரு "ச்சே" சொல்லிவிட்டு மறந்துபோவார். சொல்லாவிட்டால்? பெட்டிக்குப் புரியாத வியாதி. புரியாத வியாதி என்றால் இன்னொரு டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்த ஊரில் அந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்த இன்னொரு ஆள் யார்?

மார்ச் 9, திங்கள்

காலையில் மேஜை துடைக்கிறேன் பேர்வழி என்று போனேன். டக். மதியம் கத்தரிக்கோல் தேடிப் போனேன். டக் டக். சாயங்காலம் சும்மா போனேன்.

இவர் பேட்டரியை மாற்றினார், ஒயரை மாற்றினார், மேஜையையே ஜன்னல் பக்கம் மாற்றினார். கடைசியில் பெட்டியைப் பார்த்து, "உனக்கு என்னதான்டா வேணும்?" என்று கேட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மிஷின் மேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேன்.

"அண்ணனத்தான் ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"பெட்டிய வீசிட்டு வேற வாங்குவேன், அவர கேக்க மாட்டேன்."

சரி. இவர் பிடிவாதம் பெரிசா, என் பட்டை பெரிசா, பார்ப்போம்.

மார்ச் 12, வியாழன்

இவருக்குத் தெரியாமல் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. அண்ணி பாத்திரங்களுக்குப் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணன் கால் மணி நேரம் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார். அது சாது மாதிரி கிடந்தது.

"பெட்டில ஒண்ணுமில்ல. உன் வீட்டுக்காரர் கண்ணத்தான் காட்டணும்."

"அவரு என்ன சொன்னாரு தெரியுமாண்ணே? இந்தக் கோளாற கண்டுபிடிக்க மச்சானாலதான் முடியும், ஆனா அவரு வரமாட்டாருன்னு."

இவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, அதனால் நான் சொன்னேன். அண்ணன் மூக்கைச் சொறிந்தார். அவர் மூக்கைச் சொறிந்தால் பாதி வழிக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

"இன்ஜின்ல மாட்டிப் பாத்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார்.

அண்ணி வாசல் வரை வந்தார். "நீ என்னமோ பண்ற. என்னன்னு கேக்க மாட்டேன். நல்லா பண்ணு."

மார்ச் 13, வெள்ளி

பெட்டியை அண்ணனிடம் காட்டியதை இவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டுச் சொன்னேன்: "அண்ணன் கேட்டாரு, மாப்ள இவ்வளவு நுணுக்கமா ஒயர் கட்டியிருக்காரே, எங்க கத்துக்கிட்டாருன்னு." இவர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

மார்ச் 19, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறாராம். புதுச் சட்டைக்கு அளவு கொடுக்க. அளவு கொடுக்க வருகிறவர் துண்டில் இன்ஜினைச் சுற்றிக்கொண்டு வருவார் என்று என்னிடம் சொல்லவில்லை, அண்ணியிடம்தான் சொல்லியிருக்கிறார். நான் இவரிடம், "சட்டை அளவுக்கு வராரு" என்று மட்டும் சொன்னேன். இவர் உடனே விமானத்தைத் தூசி தட்டினார்.

மார்ச் 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

அண்ணன் பத்து மணிக்கு வந்தார். அளவு எடுத்தேன். அப்புறம் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

அண்ணன் சுவரைப் பார்த்து, "உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு, பேட்டரில சார்ஜ் இருக்கான்னு."

இவர் விமானத்தைப் பார்த்து, "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, சார்ஜ் இல்லாம யாரும் பெட்டிய மாட்ட மாட்டாங்கன்னு."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன ஒயரா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் மட்டும் மூக்கைச் சொறிந்தார்.

அப்படியே என் வழியாகப் பேசிப் பேசி விமானத்தை மேஜையில் இறக்கி, மூக்கில் இன்ஜினை மாட்டி, பெட்டியையும் மாட்டிவிட்டார்கள். நான் டீ போட உள்ளே போனேன். திரும்பி வரும்போது அண்ணன் விசிறியைக் கையால் மெல்லச் சுற்றி நிறுத்திவிட்டு முன்னால் குனிந்து நின்றார். இவர் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார். பெட்டி சும்மா இருந்தது. அண்ணன் முகத்தில், நான்தான் அப்பவே சொன்னேனே என்கிற களை. இப்படியே விட்டால் மனுஷன் இன்ஜினைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரே ஒரு டக். அவ்வளவுதான் நினைத்தேன். டம்ளரை நீட்டுகிற சாக்கில் மணிக்கட்டை விமானத்தின் மூக்குப் பக்கம் கொண்டுபோனேன்.

டக் இல்லை. டப்! விசிறி ஒரே வீசு வீசியது. டம்ளர் பறந்தது. அண்ணன் கையை உதறினார். தரையெல்லாம் ரத்தம்.

விசிறியச் சுத்தி உள்ள பெட்ரோல் இழுத்து வச்சிருந்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாதே. பிளக் இடுக்கியில நின்னா வெறும் பொறி, இன்ஜினுக்குள்ள போயிட்டா வெடி. இது தெரியாம நான் — பஸ் ஓட்டுற கை அது. விரல் போயிருந்தா? விளையாட்டு விளையாட்டுன்னு ஒருநாள் நான் —

இவர்தான் முதலில் பாய்ந்தார். "மச்சான்! கையக் காட்டுங்க, மூடாதீங்க, காட்டுங்க!" என் தையல் துணியையே கிழித்துக் கட்டினார்.

அங்கேயே சொல்லிவிட்டேன். பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்து, பொறிப் பேய் நான்தான் என்று சொன்னேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துத் திரும்பினார்கள்.

"அறிவிருக்காடி உனக்கு?" அண்ணன்.

"அதான் கேளுங்க மச்சான், நல்லா கேளுங்க!" இவர்.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரல் நுனியில் தையல் போட்டார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, ஒரு வாரத்தில் ஸ்டியரிங் பிடிக்கலாம் என்றார் டாக்டர். நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"ஒத்தப் பொறிக்கு எப்படி அடிச்சுது பாத்தீங்களா மச்சான்?"

"பாத்தேனா, வாங்கினேன். தண்ணில கிடந்த பெட்டின்னு யாரு சொல்லுவா? நல்ல பெட்டி மாப்ள."

"இன்ஜினும் நல்லாத்தான் இருக்கு."

"அசையாம நில்லுங்க" என்றார் டாக்டர். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

மார்ச் 23, திங்கள்

அண்ணன் லீவு போட்டிருக்கிறார். காலை எட்டு மணிக்கே இங்கே வந்துவிட்டார். இரண்டு பேருமாக என் தையல் சாக்பீஸை எடுத்து அறைக்கு நடுவில் ஒரு கோடு போட்டார்கள். நான் அதைத் தாண்டக் கூடாது. டீயைக் கோட்டில் வைத்துவிட்டுக் கைதட்ட வேண்டுமாம். பட்டை சமையலறையிலேயே இருக்க வேண்டுமாம்.

என்னைத் திட்டுவதில் இரண்டு பேருக்கும் என்ன ஒற்றுமை! ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் தொடங்குகிறார். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். விரல் கட்டைப் பார்க்கும்போது மட்டும் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 25, புதன்

என் மிஷின் மேல் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இவர்கள் பெட்டியைச் சோதித்தார்கள். ஒவ்வொரு பொறிக்கும் ரேடியோ கர் கர் என்று இருமியது. நான், "பாட்டு கேக்க விடுங்கப்பா" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதானாம். விமானத்துக்குள்ளும் ஒரு ரேடியோ உண்டு, ரிமோட் சொல்வதைக் கேட்கிறது. ஏரியில் விழுந்த அன்றைக்குப் பெட்டியை அதன் காது மேலேயே கட்டியிருக்கிறார்கள். பெட்டி விட்ட பொறியில் அதன் காது அடைத்துப்போய்விட்டது. இன்ஜின் மேலும் தப்பில்லை, பெட்டி மேலும் தப்பில்லை. கட்டிய இடம்தான் தப்பு.

"அங்க கட்டுனது நீங்கதான மாப்ள?"

"மூக்கு கனக்குது, பின்னால தள்ளிக் கட்டுங்கன்னு சொன்னது யாரு மச்சான்?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கோட்டை இன்னும் தள்ளிப் போட்டுவிடுவார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

பறந்தது! ஏரிப் பக்கமே போகவில்லை. பெட்டி மூக்கை ஒட்டி, ரேடியோ வாலுக்குப் பக்கத்தில். என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போகும் முன் அண்ணி என் கை, இடுப்பு, முந்தானை எல்லாம் சோதனை போட்டார். ஒரு குண்டூசி அகப்பட்டது. அதற்கும் திட்டு.

விரலில் கட்டு இருந்ததால் அண்ணன் ரிமோட்டை இவரிடம் கொடுத்துவிட்டு, "வலது, வலது, யோவ் மாப்ள வலது!" என்று ஆகாசத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தார். இவர் ஒரு தடவைகூட வலது பக்கம் திருப்பவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

லாரியில் சாமான் போய்விட்டது. இன்ஜினை அண்ணன் கழற்றவில்லை. இவரும் கேட்கவில்லை. அது விமானத்தின் மூக்கிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் அண்ணன் போன் பண்ணினார். என் நம்பருக்குத்தான் பண்ணினார். "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டார். "நல்லா" வரை சொன்னேன், "இருக்கேண்ணே" சொல்வதற்குள் இவர் போனை வாங்கிக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

விசிறி பெரிசு வேண்டுமா சிறிசு வேண்டுமா என்று இப்போது சண்டை. மதியச் சாப்பாடு வரை நடந்தது. இவர் மேஜையைக் குத்துகிறார், "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது மச்சான்" என்கிறார், போனை மட்டும் வைக்க மாட்டேன் என்கிறார். கோட்டில் நின்று கைதட்டிப் பார்த்தேன். இவர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் சார்ஜ் தீர்ந்துபோன போன்தான் திரும்பி வந்தது. நாளைக்காவது அண்ணியின் போனில் பிடிக்க வேண்டும். ஊர் மாறிப் போனதிலிருந்து நான் என் அண்ணனிடம் ஒரு வார்த்தை முழுசாகப் பேசவில்லை.