மடித்து வைத்த துணி

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவிடம் அதை மட்டும் சொல்.

நேற்று வேலை முடிந்து வந்தபோது, பால்கனியில் காயப்போட்ட துணியெல்லாம் என் கட்டிலில் மடித்து வைத்திருந்தது. எல்லாத் துணியும். கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனரிடம் கேட்டேன்.

"மழை வந்துச்சும்மா. நம்ம வீடுதானேன்னு உள்ள போனேன்."

"இனிமே போன் பண்ணிட்டு வாங்க சார்."

"என் வீட்டுக்கு நானே போன் பண்ணணுமா?" என்று சிரித்தார்.

நான் நடந்து வந்த தெருவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, அக்கா.

அத்தனையையும் மறுபடி துவைத்தேன். இன்று லீவு போட்டுப் பூட்டை மாற்றிவிட்டேன். காலி பண்ணச் சொன்னால் உன் வீட்டுக்கு வரலாமா? அத்தானிடம் காரணம் சொல்லாதே.

இதை எழுதும்போதே வெளியே அவர் சாவி பூட்டில் உரசுகிறது. நான் வேலைக்குப் போயிருப்பதாக நினைத்திருப்பார்.

"யாரு?" என்று கத்தினேன். சத்தம் நின்றது.

இப்போது, முதல் தடவையாக, கதவைத் தட்டுகிறார்.

உன் தங்கை