டிரம்மை உடைக்க விடமாட்டேன்

2025 ஜனவரி 9

கொச்சே, எனக்க மகளே, உனக்க நோட்டில் மிச்சம் கிடந்த தாளில் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து. சிரிக்காதே.

உனக்க நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று உனக்க அப்பா கோடாலியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நீ அறுத்து, வெள்ளம் நிறைத்து வைத்திருந்த நீல டிரம் முன்னால் போய் நின்றேன்.

"மாறு. அந்த எளவுல நின்ன வெள்ளத்துலதான் கொசு வந்தது. அதுதான் எனக்க பிள்ளைக்கு டெங்கு குடுத்தது."

"உமக்க பிள்ளை மட்டுமா? எனக்கும் பிள்ளைதான்" என்றேன்.

கோடாலியைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார்.

உடைக்க விடமாட்டேன். நீ பாதியில் விட்டதை நான் முடிப்பேன். பெரிய பாதியில் மீன், மேலே சின்னப் பாதியில் ஜல்லி போட்டுக் கீரை. மீன் அழுக்காக்கின வெள்ளம் கீரைக்கு ஏறி, தெளிந்து, திரும்ப மீனுக்கே வரணும். நீ சொன்னதில் அவ்வளவுதான் புரிந்தது. போதும்.

ஜனவரி 13

ஜல்லி கழுவினேன். பதினேழு வாளி. கையில் தோல் உரிந்துவிட்டது. உரியட்டும்.

ஜனவரி 20

உனக்க போனில் நீ இறக்கி வைத்திருந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் வருகிற ஆள் என்ன ஓட்டமாய்ப் பேசுகிறான்! நீ வாங்கி வைத்த மோட்டர் சோப்புக்கட்டி அளவுதான். குழாய் ஒழுகின இடத்தில் சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டினேன். வெள்ளம் மேலே ஏறிற்று. கொச்சே, ஏறிற்று!

பக்கத்து வீட்டிலிருந்து உனக்க குளோரி மாமி எட்டிப் பார்த்தாள். அப்பாவுக்கு அக்கா என்றால் எதுவும் சொல்லலாமே.

"ஏட்டி, கடலை முன்னால வச்சிட்டு டிரம்முல மீன் வளக்கியா? நாளைக்கு வள்ளத்தையும் அதுலயே இறக்கு."

"இறக்குவேன் மைனி. நீங்க வந்து துடுப்புப் போடுங்க."

பிப்ரவரி 3

குலசேகரம் பக்கம் ஒரு பண்ணையில் இருபது சிலேபிக் குஞ்சு வாங்கினேன். பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இருபத்திரண்டு வருசம் செத்த மீனைத் தலையில் சுமந்து விற்றவள் நான். உயிர் மீன் மடியில் துள்ளினால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி 11

மீன் எல்லாம் வாயை மேலே தூக்கித் தவிக்குது. ஏழு செத்துப் போச்சு. தீனி கூடிப்போச்சா? என்ன செய்யணும்? யாருட்ட கேப்பேன்? கை தானாப் போய் ரெண்டு பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டுட்டுது. பிறகும் ரெண்டு பிடி. கருவாடு போட்ட கை — மீனைக் கண்டா உப்பைத்தான் தேடும்.

பிப்ரவரி 14

மீன் கொஞ்சம் தெளிந்தது. உப்பு ஏறி கீரை ஓரமெல்லாம் கருகிப் போச்சு. போன மாசம் நான் தூவினது, முளைத்து நாலு இலை விட்ட கீரை.

"போனவ போயாச்சு. இனி இதைக் கொண்டு எதுக்குட்டி கிடந்து சாவுத?" என்றாள் குளோரி மைனி.

அழுதேன். அழுதுகொண்டே பாதி வெள்ளத்தைக் கோரிக் கொட்டி, கிணற்று வெள்ளம் ஊற்றி, ஜல்லியை மறுபடி கழுவி, மறுபடி விதை போட்டேன். நான் தோத்துட்டேன்னு ஒருத்தரும் நினைக்காண்டாம்.

பிப்ரவரி 15

காலையில் கடலில் தொழிலுக்குப் போய்விட்டு வந்த அப்பா, இத்தனை நாள் டிரம் பக்கம் திரும்பாதவர், நின்று பார்த்தார்.

"வெள்ளம் இப்பிடி ஒட்டி வழிஞ்சா மீனுக்கு மூச்சு கிடைக்காது. மேல இருந்து விழணும்."

குழாயை ஒரு முழம் உயர்த்தி வலைக்கயிற்றால் கட்டினார். "தீனியைக் குறை" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 2

பதிமூன்றும் உயிரோடு.

ஏப்ரல் 7

வீடு வீடாய்க் கொசுப்புழு பார்க்கிற அக்கா வந்தாள். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டார்ச் அடித்தாள். கரண்டியால் கோரிப் பார்த்தாள்.

"ஒரு புழு இல்ல. மீன் கிடக்குல்லா, தின்னுரும். பக்கத்து வீட்டுத் தொட்டியிலதான் நெளியுது."

பக்கத்து வீடு! நீ போன பிறகு இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். சாயங்காலம் குளோரி மைனி சொம்பைக் கொண்டு வந்து நின்றாள். "ரெண்டு மீன் தருவியா, எனக்க தொட்டிக்கு?" மூன்று கொடுத்தேன். அதையும் பெரிதாய்ப் பார்த்து.

மே 18

அப்பா புதுக்கடைச் சந்தையிலிருந்து இன்னொரு டிரம் வாங்கி வந்தார். அவர் அறுத்தார், நான் பிடித்துக்கொண்டேன். நடுவில் நிறுத்தினார். "அன்னைக்கே அந்த டிரம்முல மீன் விட்டிருந்தா..." என்றார்.

ஒருவரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். உனக்குக் காய்ச்சல் வர ரெண்டு வாரம் முன்னே, மீன் வாங்கப் போவோம் வா அம்மான்னு நீ கூப்பிட்டே. விக்க வச்ச சாளை மீன் அழுகிரும், பொறவு பாப்போம்னு நான் சொன்னேன்.

அவர் அறுக்கிற வாளை எடுத்தார். "ஆடாமப் பிடி" என்றார். பிடித்தேன்.

கொச்சே, அன்னைக்கு நான் உன்கூட வந்திருந்தா, நீ இப்ப இஞ்ச இருப்பியா?