பாரிஸ் அடுப்படியில் தம்பிலுவில் அண்ணன்

அண்ணன்,

இன்று மதியம் யாரோ அடுப்பில் வெண்ணெயைக் கருக விட்டுவிட்டார்கள். அந்த வாடை எழும்பியதும் என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. நீங்கள் போய் ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது.

இந்தப் பாரிஸ் உணவகத்தில் நான் சட்டி கழுவ வந்த அன்று, தலைமைச் சமையல்காரராக நின்ற, தம்பிலுவில் தமிழரான நீங்கள் ஊரைக் கேட்டீர்கள். அதே கிழக்கிலங்கைக் கரையில் கல்முனை என்றேன்.

"முஸ்லிமா?"

"ஓம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். உங்கள் தம்பியை வெட்டிக் கொன்றவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள் என்று பிறகு அறிந்தேன். என் வாப்பாவைச் சுட்டவர்கள் உங்கள் பக்கத்து இயக்கப் பொடியன்கள் என்பதை நான் சொல்லவில்லை.

ஒரு நாள் வெண்ணெயைக் கருக்கிவிட்டேன். சட்டியோடு என் மேல் எறிந்தீர்கள். கழுத்துத் தோல் உரிந்தது. மறுநாள் அதே அடுப்பில் என்னை நிறுத்தி, "நுரை அடங்கினா இறக்கு. அதுக்கு மேல ஒரு மூச்சும் வைக்காத," என்றீர்கள். அதன்பிறகு சோஸ், மீன், இறைச்சி என்று எல்லாம் உங்கள் ஏச்சோடுதான் படித்தேன். கடைசியில் உங்களுக்கு அடுத்த ஆளானேன்.

சுனாமியில் கடல் நம் ஊர்களுக்குள் வந்தபோது ஒன்றாக அங்கே பறந்தோம். விமானத்தில்தான் வாப்பாவைப் பற்றிச் சொன்னேன். கல்முனையில் எங்கள் வீட்டின் இடிந்த சுவரைக் கிண்டினோம். உம்மாவைக் கண்டது நீங்கள். சேர்ட்டைக் கழற்றி மூடினீர்கள்.

"நீ பாக்காத. அங்கால திரும்பி நில்லு."

தம்பிலுவிலில் உங்கள் மனைவி கிடைக்கவேயில்லை. தப்பிய மகன் உங்களோடு வர மறுத்தான். பிறகு இயக்கத்தோடு வன்னிக்குப் போனான்.

யுத்தம் முடிந்த கிழமை, அவனுடைய உடலின் படத்தை யாரோ உங்களுக்குக் காட்டியிருந்தார்கள். வேலைக்கு வந்தீர்கள். ஆட்டுத் தொடையை வெட்டத் தொடங்கி, எலும்பும் பலகையும் சிதறிய பின்னும் நிறுத்தவில்லை. கையைப் பிடித்தேன். திரும்பி ஓங்கினீர்கள். கத்தி என் வலது தோளில் இறங்கியது.

"ஊரில உங்கட ஆக்கள் வெற்றி எண்டு வெடி கொளுத்துறாங்கள்!"

"ஓம் அண்ணன், கொளுத்துறாங்கதான். கத்தியத் தாங்க."

தந்தீர்கள். தந்துவிட்டு, என் இரத்தத்திலேயே உட்கார்ந்து மகனின் பெயரைச் சொல்லிக் கத்தினீர்கள்.

ஆஸ்பத்திரியில் நான் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். "பொய். நாந்தான் வெட்டினன்," என்று நீங்களே சொன்னீர்கள். சிறைக்குப் போனீர்கள். வெளியே வந்ததும் முதலாளியிடம் கேட்டது சட்டி கழுவும் வேலையை. தலைமைச் சமையல்காரனாக நான் நின்ற அடுப்படியில், சாகும்வரை என்னை "ஷெஃப்" என்றே கூப்பிட்டீர்கள். வேண்டாம் என்று கெஞ்சினாலும் கேட்கவில்லை.

என் வலது கை இன்னும் முழுதாக எழும்பாது, அண்ணன். தொழுகையைத் தொடங்க இரு கைகளையும் உயர்த்தித் தக்பீர் கட்டும்போது இடது கை காது வரை போகும். வலது கை நெஞ்சளவில் நின்றுவிடும். ஐந்து நேரமும் அந்த இடத்தில் நீங்கள் வருகிறீர்கள். உங்களுக்காக அல்லாஹ்விடம் கேட்டுவிட்டுத்தான் கையைக் கட்டுகிறேன்.