மூலை உடைந்த ஏ எழுத்து

பயோன், 6 பிப்ரவரி 1938

அன்புள்ள கார்பிஞே,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? குழந்தைக்கு இருமல் நின்றதா? தபாலில் போட்டால் எல்லையில் பட்டாளத்தார் பிரித்துப் படிப்பார்கள், அதனால் மாலுமியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று மீன்கடையில் சின்னத் தகராறு. பயப்படாதே, அடி மீனுக்குத்தான். கடைக்காரி மதலேன் மத்தியை நம்மூர் பில்பாவோ பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். ஊரைப் பிடித்த பட்டாளம் நம் பத்திரிகையை மூடிவிட்டு, நம் அச்சகத்திலேயே அடிக்கிற பேப்பர். தலைப்பில் நம்மைத் துரோகிகள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதில் மூலை உடைந்த அந்த ஏ. பதினோரு வருஷம் நான் அச்சுக் கோத்த எழுத்து. பொட்டலத்தைத் தரையில் வீசினேன்.

"என்னய்யா, மீன் நாறுதா?" என்றாள்.

"மீன் நல்லாத்தான் இருக்கு. பேப்பர்தான் நாறுது."

அவர்கள் அச்சகத்தைப் பிடுங்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்த ஏ தேய்ந்த எழுத்து. அடியில் சிகரெட் தாளை மடித்து வைக்காவிட்டால் மங்கலாகத்தான் விழும். இது எனக்கும் உன் தம்பி கோல்டோவுக்கும் மட்டுமே தெரியும். நேற்று அது கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. வயிற்றுப்பாட்டுக்கு அங்கே வேலை செய்கிறான், சரி. அக்கறையாகத் தாளும் வைக்கிறானா?

கம்பளிக் காலுறை அனுப்பு. குழந்தை கிறுக்கிய காகிதம் இருந்தால் அதையும் வை. மாலுமி அவசரப்படுத்துகிறார்.

ஞாயிற்றுக்கிழமை கோல்டோ வந்தால் சாப்பாடு போடு, உன் தம்பிதானே. ஆனால் அந்தத் தாளை எடுத்துவிடச் சொல். எனக்கு மத்தி பிடிக்காது, உனக்குத் தெரியும். இனி வாராவாரம் வாங்குவேன், அந்த ஏ எப்படி விழுகிறது என்று பார்க்க.

உன்,
லான்டர்