ஊதாத விசில்

வைகாசி 3, சனிக்கிழமை, இரவு.

பூங்காவில் இன்று சீசன் கூட்டம். புல்வெளியில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் காவலாளியான என் வேலை. மதியம் ஒரு அம்மா பட்டர் ஃப்ரூட் கூடையை இறக்கி வைத்துவிட்டு, புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கீழே வெள்ளகவி கிராமத்திலிருந்து மலைப்பாதையில் சுமந்து ஏறி வந்தவர். பார்த்ததும் விசிலை ஊதினேன்.

"வெள்ளனே கெளம்புனதுண்ணே, காலு கடுக்குது. செத்த நேரம் இருந்துட்டுப் போயிர்றேன்."

"போர்டு வச்சிருக்குல்ல? எந்திரிங்கம்மா."

எழுந்துவிட்டார். வேலிக்கு வெளியே போய் கரடுமுரடான ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. காரில் வந்த ஒரு குடும்பம் அதே இடத்தில் போர்வையை விரித்துச் சாப்பாட்டைப் பிரித்தது. விசில் கையில்தான் இருந்தது, வாய்க்குப் போகவில்லை. பக்கத்தில் போய், "சார், சாப்பிட்டுட்டுக் குப்பைய மட்டும் தொட்டியில போட்டுருங்க" என்றேன்.

திரும்பினால் அந்த அம்மா வேலிக்கு அப்பாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசில் கெட்டுப்போச்சாண்ணே?"

கேலியாகக்கூடக் கேட்கவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மேலதிகாரிகளைத் திட்டிப் பார்க்கிறேன். பழி அவர்கள் மேல் ஒட்டவில்லை. பொதுப் பூங்கா என்றுதான் வாசலில் எழுதியிருக்கிறது. யாருக்கு ஊத வேண்டும், யாருக்கு ஊதக் கூடாது என்று இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

நானேதான் கற்றுக்கொண்டேன்.