எந்தக் குவியலில் கிடக்கிறது?

கோவில்பட்டி,
பங்குனி 2

அன்பு மகள் காவியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம், மிளகாய் வத்தல் விலை சுகமில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் கத்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்கிவிடுவாள். கடிதத்தில் அந்த வசதி யாருக்கும் கிடையாது. முழுதாகப் படி.

போன மாதம் லீவுக்கு டெல்லியிலிருந்து வந்தவள் சும்மா இருந்தாயா? நம் குடோனில் வத்தலுக்குக் காம்பு கிள்ளும் பன்னிரண்டு பெண்களுக்கும் பொருளாதாரப் பாடம் நடத்தினாய். சில நாடுகளுக்கு விளைவிக்கத் தெரியும், பங்கு போடத் தெரியாது. சில நாடுகளுக்குப் பங்கு போடத் தெரியும், விளைவிக்கத் தெரியாது என்றாய். இப்போது இரண்டு வகை நாடும் என் குடோனில்தான் குடியிருக்கின்றன.

ஆளுக்கொரு குவியல், கிள்ளின கிலோவுக்குக் கூலி. இருபது வருஷமாக நடந்த முறை. ஒரே குவியல், மொத்தக் கூலியும் சமபங்கு என்று மாற்றியது நீ. நான் ஏன் தலையாட்டினேன் தெரியுமா? ஒரே வாரத்தில் கவிழும், நீ போன பிறகு சிரிக்கலாம் என்றுதான்.

கவிழவும் செய்தது. நாளுக்கு ஏழு மூட்டை ஓடியது ஐந்தானது. சொர்ணத்தாயின் கைவேகம் உனக்குத் தெரியும். மூன்றாம் நாளே வந்து நின்றாள். "சுப்புத்தாய்க்குக் கண்ணு மங்கல். அவ காம்பத் தேடுததுக்குள்ள நான் ஒரு கிலோ முடிச்சிருதேன். ரெண்டு பேருக்கும் ஒரே கூலியா அண்ணாச்சி? நான் என்ன நேந்துவிட்ட ஆடா?" கேட்டுவிட்டு வேறு குடோனுக்குப் போய்விட்டாள்.

அங்கே சேர்ந்த வாரமே அவள் மகனுக்குக் காய்ச்சல், நான்கு நாள் ஆஸ்பத்திரி. வராத நாளுக்கு அங்கே கூலி ஏது? சுப்புத்தாய்தான் தேடிப்போய் நான்கு நாள் பங்கையும் அவள் கையில் வைத்து, "ஏட்டி, நீ எங்க குவியல்ல இல்லன்னு யாரு சொன்னா?" என்றாளாம். மறுநாள் சொர்ணத்தாய் வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சந்தோஷம். அங்கேதான் ஏமாந்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கிலோவுக்காக அவசரமாகக் கிள்ளும்போது பாதிக் காம்பு வத்தலிலேயே நிற்கும். மசாலா கம்பெனிக்காரன் லோடுக்கு லோடு கழிவு என்று காசு பிடிப்பான். இந்தத் தடவை மூட்டை குறைவு, ஆனால் சரக்கு சுத்தம், கழிவே பிடிக்கவில்லை. கூட்டிக் கழித்தால் எனக்கு லாபம்தான். வாயை மூடிக்கொண்டேன். லாரி டிரைவர் மூடவில்லை.

நேற்று பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றது அதே சொர்ணத்தாய். "எங்க கூலியப் பங்கு போடச் சொன்னீய, போட்டுட்டோம். கம்பெனிக்காரன் பிடிக்காம விட்ட காசு எந்தக் குவியல்ல கெடக்கு அண்ணாச்சி?" என்கிறாள். பின்னாலிருந்து சுப்புத்தாய், "எனக்குத்தான் கண்ணு தெரியல. நீங்க தேடிப் பாருங்க" என்கிறாள். ஒரே சிரிப்பு.

விலை விழுந்தால் என் நட்டத்தை எவள் பங்கு போட வருவாள் என்று கேட்டேன். "கணக்கக் காட்டுங்க, அதையும் பாப்போம்" என்கிறார்கள். நான் மூட்டை தூக்கிச் சம்பாதித்துக் கட்டிய குடோன் இது. எனக்கு எவன் பங்கு கொடுத்தான்? பங்குனி உத்திரத்துக்குள் பதில் வேண்டுமாம், இல்லாவிட்டால் குவியலில் உட்கார மாட்டார்களாம். அடுத்த லோடு நின்றால் கம்பெனிக்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான்.

எனவே உத்திரத்துக்கு நம் குலசாமி சாஸ்தா கோயிலுக்கு வா. நீ ஆரம்பித்ததை நீயே முடி. கழிவுக் காசை அப்படியே தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நானாக நீட்டினால் பூவனநாதன் பயந்துவிட்டான் என்று ஊரே பேசும். எல்லோருக்கும் முன்னால் நீயாகக் கேட்பதுபோல் கேள். நான் இரண்டு சத்தம் போட்டுவிட்டுக் கொடுக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. சாஸ்தா உனக்கு நல்ல புத்தியும், எனக்குக் கொஞ்சம் பொறுமையும் தரட்டும். டிக்கெட் இத்துடன் இருக்கிறது.

உன் அப்பா,
சு. பூவனநாதன்